கப்பலின் பற்றுவரவு

உல்லாசக் கப்பல் பயணத்தில் பயணச்சீட்டுக்குச் செலுத்தும் கட்டணம் ஒரு கணக்கு. கப்பலில் ஏறிய பின் ஆகும் செலவு மற்றொரு கணக்கு. மதுவகைகள், தனி உணவகம், மசாஜ், இணைய இணைப்பு, துறைமுகங்களில் ஏற்பாடாகும் சுற்றுலா, ஊழியருக்கான அன்பளிப்பு என ஒவ்வொன்றும் அந்த இரண்டாம் கணக்கில் பற்றாக ஏறிக்கொண்டே போக, பயண முடிவில் அதன் மொத்தம் பயணியின் கிரெடிட் கார்டில் வசூலிக்கப்படுகிறது. பயணம் தொடங்குவதற்கு முன்பே கப்பல் நிறுவனமோ பயண முகவரோ இந்தக் கணக்கில் பயணியின் பெயருக்கு வரவு வைக்கும் தொகையே ‘ஆன்போர்டு கிரெடிட்’, அதாவது கப்பல் வரவு, எனப்படுகிறது. ஐம்பது டாலரானாலும் ஐந்நூறு டாலரானாலும் அதை அந்த நிறுவனத்தின் கப்பல் கணக்கில் மட்டுமே செலவிட முடியும். இதை அண்மைக்கால விற்பனை உத்தியாக மட்டும் பார்ப்பது போதாது. கட்டணத்துக்குள் அடங்கியிருந்தவை ஒவ்வொன்றாக வெளியேறித் தனி விலை பெற்ற நீண்ட வரலாற்றின் விளைவாகவே இதைக் கொள்ள வேண்டும்.

கடலில் கையில் காசில்லாமல் பொருள் வாங்கிப் பின்னர் கணக்குத் தீர்க்கும் வழக்கம் பயணிகளுக்கு முன்பே மாலுமிகளிடம் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களில் உணவுப்பொருள், உடை, புகையிலை ஆகியவற்றின் இருப்பையும் வழங்கலையும் கவனித்த அலுவலர் பர்சர் எனப்பட்டார். மாலுமிகளின் சம்பளம் மாதந்தோறும் கைக்கு வருவதில்லை. கப்பல் தாய்நாடு திரும்பிய பிறகே, சில சமயம் ஆண்டுகள் கழித்தே, அது வழங்கப்பட்டது என்பதால், இடையில் வாங்கிய சட்டையும் புகையிலையும் பர்சரின் பேரேட்டில் ஏறிச் சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்டன. உணவுப்பொருளை நிறுக்கும்போது 16 அவுன்ஸ் கொண்ட பவுண்டுக்குப் பதிலாக 14 அவுன்ஸையே ஒரு பவுண்டாகக் கொடுக்கவும் பர்சருக்கு அனுமதி இருந்தது. சிந்துவதும் கெட்டுப்போவதுமான சேதத்துக்கு அது ஈடு என்று காரணம் சொல்லப்பட்டது. 1797-இல் இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட்டில் மாலுமிகள் நங்கூரம் எடுக்க மறுத்துக் கலகத்தில் இறங்கியபோது, சம்பள உயர்வோடு பவுண்டு முழு 16 அவுன்ஸாக இருக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கையாக இருந்தது. அரசு அதற்கு இணங்கியது. மளிகைக் கடையின் பற்றுவரவு நோட்டைப் போல, எழுதுபவர் கையிலேயே அளவும் விலையும் இருந்த கணக்கு அது. ஒரேயொரு வேறுபாடு, நடுக்கடலில் பக்கத்துத் தெருவில் இன்னொரு மளிகைக் கடை கிடையாது.

நீராவிக் கப்பல் நிறுவனங்கள் தோன்றியபோது பர்சர் என்ற பதவியும் பேரேடும் பயணிகள் கப்பலுக்கு இடம்பெயர்ந்தன. 1840-இல் அரச சாசனம் பெற்ற பி அண்ட் ஓ நிறுவனம், சூயஸுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே இலங்கையின் காலி, மதராஸ் வழியாகத் தபாலையும் பயணிகளையும் ஏற்றிச் சென்றது. அதன் தொடக்கக் காலக் கட்டணங்கள் மிக உயர்ந்தவை என்றாலும், உணவோடு மதுவும் அவற்றில் அடக்கமாகவே இருந்தது. சூயஸ் கால்வாய் 1869-இல் திறக்கப்பட்டுப் போட்டி மிகுந்த பிறகு, கட்டணம் இறங்கியது. மது கட்டணத்திலிருந்து வெளியேறியது. அதன்பின் ஒயினுக்கும் விஸ்கிக்கும் பயணிகள் சீட்டில் கையெழுத்திட்டுக் கொடுத்தனர்; அச்சீட்டுகள் சேர்ந்து கணக்காகிப் பின்னர் தீர்க்கப்பட்டன. கட்டணம் குறைந்தால் கணக்கு நீளும் என்ற விதி இங்கேயே தெளிவாகத் தென்படுகிறது. இதே நிறுவனம் 1844-இல் மத்தியதரைக் கடல் பயணம் ஒன்றுக்கு நாவலாசிரியர் தாக்கரேக்கு இலவசப் பயணச்சீட்டு கொடுத்தது என்பதும், அவர் 1846-இல் அப்பயணத்தை நூலாக எழுதி வெளியிட்டார் என்பதும் பக்கவாட்டில் குறிக்கத்தக்கவை. சலுகை கொடுத்து விளம்பரம் வாங்கும் கலை கப்பல் உலகில் எவ்வளவு பழமையானது என்பதற்கு அது சான்று.

இந்த இரட்டைக் கணக்கு எவ்வளவு நுணுக்கமாக வளர்ந்திருந்தது என்பதை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து அட்லாண்டிக் கப்பல்களில் காணலாம். 1912-இல் டைட்டானிக்கின் முதல் வகுப்புப் பயணி, வகுப்புக்குரிய பெருங்கட்டணத்தைச் செலுத்திய பின்னும், துருக்கிக் குளியலுக்கு 4 ஷில்லிங், அதாவது ஒரு டாலர், தனியே கொடுக்க வேண்டியிருந்தது. நீச்சல் குளத்துக்கு ஒரு ஷில்லிங். ஸ்குவாஷ் ஆடுகளத்துக்கு அரை மணி நேரத்துக்கு 2 ஷில்லிங். மேல்தளத்தில் சாய்ந்து உட்காரும் நாற்காலிக்குப் பயணம் முழுவதற்கும் 4 ஷில்லிங். கம்பியில்லாத் தந்திக்கு முதல் பத்துச் சொற்களுக்குப் 12 ஷில்லிங் 6 பென்ஸும், அதற்கு மேல் சொல்லுக்கு 9 பென்ஸும் வாங்கப்பட்டன. இவற்றுக்கெல்லாம் வாயில் பர்சரின் அலுவலகத்தை ஒட்டிய விசாரணைச் சாளரம்தான். நகைகளையும் பணத்தையும் பாதுகாப்பாக வைப்பதும் அங்கேயே.

இன்றைய கப்பல் வரவின் மூதாதையும் அதே கப்பலில்தான் இருந்தது. கட்டணத்தில் அடங்கிய பொது உணவுக்கூடத்தைத் தவிர, விரும்பிய பண்டத்தைக் கேட்டு விலை கொடுத்து உண்ணும் உணவகம் ஒன்றை, லண்டனில் உணவகங்கள் நடத்திய இத்தாலியரான லூயிஜி காட்டி என்பவர் உரிமம் பெற்று நடத்தினார். பயணம் முழுவதும் அங்கேயே உண்பதாக முன்கூட்டியே அறிவிக்கும் பயணிக்கு, கப்பலை நடத்திய ஒயிட் ஸ்டார் நிறுவனம் பயணக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கழித்துக் கொடுத்தது. கட்டணத்துக்குள் இருந்த உணவுக்கு ஒரு விலை மதித்து, அதைப் பயணிக்கு ஈடுகட்டி, அவரைக் கூடுதல் விலை உணவகத்தை நோக்கி நகர்த்தும் ஏற்பாடு இது. இதற்கும் முன்மாதிரி உண்டு: ஹாம்பர்க்–அமெரிக்கா நிறுவனத்தின் தலைவர் ஆல்பர்ட் பல்லின், 1905-இல் ‘அமெரிக்கா’ என்ற கப்பலில் ஹோட்டல் அதிபர் சீசர் ரிட்ஸின் பெயர் தாங்கிய உணவகத்தைத் திறந்திருந்தார். குளிர்காலத்தில் வேலையின்றிக் கிடந்த ‘அகஸ்டா விக்டோரியா’வை 1891 ஜனவரியில் மத்தியதரைக் கடலுக்கு உல்லாசப் பயணமாக அனுப்பி, இத்தொழிலுக்கே வழிகாட்டியவரும் அதே பல்லின்தான்.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நிலவியபோது, நாட்டின் கடல் எல்லையைத் தாண்டிச் சென்று குடித்துத் திரும்புவதற்கென்றே குறும்பயணங்கள் புறப்பட்டன. கரையில் கிடைக்காததைக் கப்பலில் விற்பது எவ்வளவு லாபகரமானது என்பதை அவை தொழிலுக்குக் கற்பித்தன.

எனினும் கப்பல் கணக்கு துணை வருவாய் என்ற நிலையிலிருந்து தொழிலின் தூண்களில் ஒன்றாக மாறியது ஜெட் விமானத்தின் வரவுக்குப் பிறகே. 1958 அக்டோபரில் அட்லாண்டிக்கைக் கடக்கும் ஜெட் சேவை தொடங்கியதும், ஊர் போய்ச் சேர்வதற்காகக் கப்பலேறுவோர் விரைவாகக் குறைந்தனர். 1966 டிசம்பரில் நார்வேயின் குனூட் க்ளோஸ்டரும் டெட் அரிசனும் ‘சன்வர்ட்’ கப்பலை மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு விட்டபோது, சேருமிடத்தைவிடக் கப்பலில் கழியும் நேரமே விற்பனைப் பொருளாயிற்று. பின்னர் பிரிந்து சென்ற அரிசன், 1972-இல் கார்னிவல் நிறுவனத்தைத் தொடங்கினார். நடுத்தர வருமானக் குடும்பங்களைக் கப்பலுக்கு இழுக்கக் கட்டணம் குறைவாக இருந்தாக வேண்டும். குறைந்த கட்டணத்தை மதுக்கூடமும் சூதாட்டக்கூடமும் ஈடுசெய்தாக வேண்டும். வேகத்தைப் பெருமையாகக் கருதிய, ஊர்சேர்க்கும் ‘லைனர்’ கப்பல்களின் காலம் போய், மெதுவாகச் செல்லும் கப்பல் எரிபொருளையும் மிச்சப்படுத்தும், பயணி செலவழிக்கும் நேரத்தையும் கூட்டும் என்ற கணக்கு வந்தது. பெரும்பாலான கப்பல்கள் பனாமா, லைபீரியா, பஹாமாஸ் போன்ற நாடுகளின் கொடியில் ஓடியதால், கரையெல்லையைக் கடந்ததும் சூதாட்டக்கூடத்தையும் தீர்வையில்லாக் கடைகளையும் திறக்க முடிந்தது. 1999-இல் வந்த ‘வாயேஜர் ஆஃப் த சீஸ்’ கப்பலின் நடுவில் ஒரு கடைவீதியே அமைக்கப்பட்டது.

கணக்கு ஏறும் முறையும் மாறியது. 1980களிலும் 1990களிலும் மதுக்கூடங்களில் ரொக்கம் மறைந்து, அறைச்சாவியாகவும் அடையாளச் சீட்டாகவும் பயன்படும் பிளாஸ்டிக் அட்டை வந்தது. 2017-இல் பிரின்சஸ் நிறுவனம் ‘மெடாலியன்’ என்ற நாணய வடிவச் சில்லை அறிமுகப்படுத்திய பிறகு, அட்டையை நீட்டும் வேலையும் மிச்சமாயிற்று. மதுக்கூடத்தில் பயணியிடம் நீட்டப்படும் ரசீது அக்கறையோடு வாசிக்கத்தக்கது: பானத்தின் விலைக்குக் கீழே 18 முதல் 20 சதவீதம் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கும், அதற்கும் கீழே, கூடுதல் அன்பளிப்பு எழுதுவதற்கென்று ஒரு வெற்றுக் கோடு காத்திருக்கும். முன்பு உறையில் போட்டுக் கையில் கொடுக்கப்பட்ட அன்பளிப்பும், ஒருவருக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்ற விகிதத்தில் தானாகவே கணக்கில் ஏறலாயிற்று. அன்பளிப்பு கட்டாயமில்லை என்பதையே விளம்பரமாகக் கொண்டிருந்த ஹாலந்து அமெரிக்கா நிறுவனமும் 2004-இல் அக்கொள்கையைக் கைவிட்டது. 2019-இல் கார்னிவல் குழுமத்தின் மொத்த வருவாய் ஏறத்தாழ 2,080 கோடி டாலர். அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பயணச்சீட்டுக்கு வெளியே, கப்பல் செலவாகவும் பிறவாகவும் வந்தது.

கப்பல் வரவு இந்தப் பின்னணியில்தான் பரவியது. பயணச்சீட்டின் விலையை வெளிப்படையாகக் குறைத்தால், முன்பே வாங்கியவர் சினந்துகொள்வார், அடுத்த ஆண்டும் அதே விலை எதிர்பார்க்கப்படும். நூறு டாலரைக் கணக்கில் வரவு வைத்தாலோ விலைப்பட்டியல் அப்படியே நிற்கும். முகவர்கள் தங்கள் கழிவுத்தொகையில் ஒரு பகுதியை வாடிக்கையாளருக்கு விட்டுக்கொடுத்து விலையைக் குறைப்பதை ராயல் கரீபியன் கப்பல் நிறுவனம் 2004-இல் தடைசெய்ய, அதைப் போன்ற கட்டுப்பாடுகள் வலுத்த சூழலில், முகவர்களுக்கும் வரவுத்தொகையும் அன்பளிப்புப் பொருளுமே போட்டிக் கருவிகளாயின. நூறு பங்குகளுக்குக் குறையாமல் வைத்திருப்போருக்குக் கார்னிவல் குழுமம் பயண நாள்களைப் பொறுத்து 50, 100 அல்லது 250 டாலர் வரவு அளித்துவருகிறது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் கப்பல்கள் நின்றபோது, பணத்தைத் திருப்பிக் கேட்காமல் பயணத்தைத் தள்ளிவைக்க இசைந்தோருக்கும் வரவுத்தொகைகள் வாரி வழங்கப்பட்டன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நூறு டாலர் வரவு என்பது கப்பல் கடையின் சில்லறை விலையில் நூறு டாலர், அதே மதிப்புள்ள பானத்தையோ மசாஜையோ கொடுக்க நிறுவனத்துக்கு ஆகும் செலவு அதைவிட மிகக் குறைவு.

இந்த வரவு இரு வகைப்படும். திருப்பித் தரத்தக்க வரவில் மீதமிருந்தால் பயண முடிவில் பணமாகக் கிடைக்கும். திருப்பித் தரப்படாத வரவோ பயணத்தோடு காலாவதியாகிவிடும். விளம்பரச் சலுகையாகவும் பங்குதாரர் சலுகையாகவும் வருபவை பெரும்பாலும் இரண்டாம் வகை என்பதால், இருவகையும் வைத்திருப்பவர் முதலில் எது கழிக்கப்படுகிறது என்பதை விருந்தினர் சேவை மேசையில், அதாவது பழைய பர்சர் அலுவலகத்தின் இன்றைய வடிவத்தில், கேட்டறிவது நல்லது. சூதாட்ட இயந்திரத்தில் வரவை ஏற்றி, ஆடாமலே ரொக்கமாக எடுத்துக்கொள்ளும் தந்திரத்தைப் பயணிகள் கண்டுபிடித்ததும், பல நிறுவனங்கள் திருப்பித் தரப்படாத வரவைச் சூதாட்டக்கூடத்துக்கு மறுத்தன. கணக்கில் எழுதிச் சூதாட்டப் பணம் எடுப்போருக்கும் சில நிறுவனங்கள் தனிக் கட்டணம் விதித்தன.

எஞ்சிய வழிகளில், எப்படியும் கொடுத்தாக வேண்டிய செலவுக்கு வரவைப் பயன்படுத்துவதே அறிவுடைமை. பெருவாரியான பயணிகளை ஏற்றும் நிறுவனங்களில் அண்மை ஆண்டுகளில் அன்பளிப்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர். ஏழு நாள் செல்லும் தம்பதிக்கு அது 224 டாலருக்குக் குறையாது. அனுமதிக்கப்படும் இடங்களில் இருநூறு டாலர் வரவு இதிலேயே கரைந்துவிட்டால் அது உண்மையான விலைக்குறைப்பு. கார்னிவலின் பங்குதாரர் வரவை அன்பளிப்புக்குப் பயன்படுத்த முடியாது என்பது போன்ற விதிவிலக்குகளை மட்டும் முன்பே வாசித்துக்கொள்ள வேண்டும். துறைமுகச் சுற்றுலாவும் இணையமும் அடுத்தபடி பொருத்தமானவை. சில நிறுவனங்கள் பயணத்துக்கு முன்பே இணையதளத்தில் இவற்றை வரவைக் கொண்டு வாங்க விடுகின்றன. மற்றவற்றில் கப்பலேறிய பிறகே அது செல்லுபடியாகும். வரவு இருக்கிறதே என்பதற்காகக் கடைசி நாளில் கப்பல் கடையில் வாங்கப்படும் கைக்கடிகாரமும் வாசனைத் திரவியமும் பெரும்பாலும் வரவைத் தாண்டிய பற்றில்தான் முடிகின்றன. அத்தொகையைக் கொடுத்தவரின் நோக்கமும் அதுவே.

ராயல் கரீபியன் நிறுவனத்துக்காக 1990-இல் மூன்று, நான்கு நாள் பயணங்களுக்கென்று கட்டப்பட்ட ‘நார்டிக் எம்ப்ரஸ்’ கப்பல், கைமாறி, 2022 ஜூனில் கோர்டிலியா என்ற கப்பல் நிறுவனத்தின் பெயரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்படத் தொடங்கியதோடு, இந்த இரட்டைக் கணக்கு தமிழ்நாட்டுப் பயணிகளுக்கும் நேரடியாக அறிமுகமாயிற்று. கப்பலேற எண்ணுவோர் பயணச்சீட்டின் விலையை மட்டும் ஒப்பிடாமல், அதில் எவை அடக்கம், எவை அடக்கமில்லை என்ற பட்டியலையும், தரப்படும் வரவு எந்த வகை என்பதையும் பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். திருப்பித் தரப்படாத வரவில் எஞ்சிய தொகைக்குக் கப்பலிலிருந்து இறங்கிய பின் யாரும் பொறுப்பேற்பதில்லை.