திருமுக்கூடல் ஆதுலர்சாலையும் வயிற்று நோய்களும்

உத்திரமேரூர்ப் பகுதியிலுள்ள காவாந்தண்டலத்தின் வழியே வரும் செய்யாறு, திருமுக்கூடலிற் பாலாற்றோடு கலக்கின்றது. அக்கூடலில் அமைந்த வேங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்து நெடிய கல்வெட்டொன்று உளது. கோயிலைச் சார்ந்திருந்த வேதக் கல்லூரியையும், ‘வீரசோழன்’ எனப் பெயரிய ஆதுலர்சாலையையும் அது விரித்துரைக்கின்றது. 15 நோயாளர்க்குக் கிடக்கை, ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு நாழி அரிசி, மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை செய்வார் ஒருவர், மருந்து கொணர்வார், பணிப்பெண்டிர் ஆகியோர் அதிற் குறிக்கப்பெறுகின்றனர். ஓராண்டைக்கு இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகள் ஏறத்தாழ இருபதும் பெயர் சுட்டப்பெறுகின்றன.

அங்கு மருத்துவம் பெற்றோரின் நோய்கள் யாவை என்பதே நம் வினா. கல்வெட்டு மருந்துகளைக் கூறுமேயன்றி நோய்களை நிரல்படக் கூறாது. ஆகவே, மருந்தின் வழியே நோயை உய்த்துணர்தல் வேண்டும். இரும்புக் கிட்டத்தாற் செய்யப்பெறும் மண்டூர வடிகை பாண்டு நோய்க்கு உரியது. பில்வாதி கிருதம் கிரகணிக்கும், பல்லாதக அரீதகி மூலத்திற்கும், தசமூல அரீதகி வீக்கத்திற்கும் வடமொழி மருத்துவ நூல்களில் விதிக்கப்பெற்றவை. வயிறும் ஈரலும் சார்ந்த பிணிகள் அச்சாலையின் கருத்தில் இருந்தன என்பது இவற்றாற் புலனாம்.

சரகர் நூலின் உதரநோய்ப் பகுதி, வயிறு பெருத்தலோடு அதன்மேற் சிரைகள் படர்ந்து தோன்றுதலையும் குறியாகக் கூறும். இக்குறியின் காரணத்தை இக்கால மருத்துவம் விளக்குகின்றது. குடல், இரைப்பை, மண்ணீரல் ஆகியவற்றின் குருதியை ஈரலுக்குக் கொணர்வது வாயிற்சிரை. ஈரல் இறுகினாலோ அச்சிரை அடைபட்டாலோ அழுத்தம் மிகும். குருதி வேறு வழி தேடும். அதனால் உணவுக்குழலின் சிரைகள் புடைத்து வெடித்தலும், கொப்பூழைச் சூழ்ந்த சிரைகள் விரிதலும் நிகழும். அரிதாகக் கணைய அழற்சியால் மண்ணீரற் சிரை அடைபடும். குடல்வால் அழற்சியின் நஞ்சு வாயிற்சிரையைப் பற்றுதலும் உண்டு. ஈரலினின்று குருதியை வெளிக்கொணரும் சிரைகள் அடைபடும் நோய், அதனை விளக்கிய பட் (1845), கியாரி (1899) என்போர் பெயரால் வழங்குகின்றது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். சிரை படர்தலை முன்னோர் கண்டனர் என்பதுகொண்டு, வாயிற்சிரை அழுத்தத்தையும் அவர் அறிந்தனர் எனல் பொருந்தாது. மூலம் என்னும் பெயரால் ஆண்டவை யாவும் ஈரல்நோயால் வரும் மலவாய்ச் சிரைப்புடைப்பே எனலும் பிழையாம், இரண்டும் வேறு. காட்சி ஒன்று, காரணம் மற்றொன்று. இவ்வேறுபாட்டை மறந்து கல்வெட்டைப் படிப்போர், பெருமை கூறப் புகுந்து சான்றினையே இழப்பர்.

மருந்துப் பெயர்களை இக்காலப் பெயர்களோடு வலிந்து பொருத்தாது, அவ்வக் காலத்து மருத்துவ நூல்களோடு ஒப்பிட்டு ஆய்தலே நெறி. அங்ஙனம் ஆயின், நோயுற்றார்க்கு உணவும் மருந்தும் ஊரின் வருவாயினின்றே அளிக்கப்பெற்றன என்னும் ஐயமற்ற செய்தி ஒன்றே இக்கல்வெட்டின் சிறப்புக்குப் போதுவதாம்.