நிப்பும் விசையும்

சாத்தூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் காராச்சேவு ஞாபகம் வரும். சிலருக்கு வெள்ளரிப் பிஞ்சு ஞாபகம் வரும். எனக்கு மட்டும் எப்போதும் நிப்புத்தான் ஞாபகம் வருகிறது. ஒரு காலத்தில் பேனா நிப்புக்குப் பேர் போன ஊர் அது. என் பெரியப்பா அங்கே ஒரு நிப்புப் பட்டறையில் வெகு காலம் வேலை பார்த்தவர். பந்துமுனைப் பேனா வந்து அந்தத் தொழில் நொடித்துப் போன பிறகும், நிப்பின் நடுவே விழுகிற பிளவைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் பொழுது போவதே தெரியாது.

அந்தப் பேச்சை எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. எழுதவும் உட்கார்ந்தேன். ஆனால் நிப்புப் பேனாவால் அல்ல, கம்ப்யூட்டரில்.

என் தங்கை மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். தன் பழைய மடிக்கணினியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அதில் டெர்மினல் என்று ஒரு கருப்பு ஜன்னல் உண்டு. அதற்குள்ளே ‘விம்’ என்கிற எழுதும் நிரல் ஓடும். படம் இல்லை, மணியடிக்கும் அறிவிப்பு இல்லை, சுட்டெலிக்கும் வேலை இல்லை. கருப்புப் பலகையும் வெள்ளை எழுத்தும்தான். கதை எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

பெரியப்பா சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லிக்கொண்டே போனார். நான் அடித்துக்கொண்டே போனேன். இரண்டு பக்கம் ஆனதும் பத்திரப்படுத்திவிடலாம் என்று, மற்ற நிரல்களில் செய்கிற வழக்கப்படி, கண்ட்ரோல் விசையையும் எஸ் விசையையும் சேர்த்து அமுக்கினேன். அவ்வளவுதான். திரை உறைந்து போயிற்று. அடித்த எழுத்து எதுவும் தெரியவில்லை. எழுத்து பின்னால் வந்து சேரும் என்று நம்பி, அவர் சொன்னதை இன்னும் பத்து வரி அடித்தேன். ஒன்றும் வரவில்லை.

“என்னய்யா, மிஷின் மூர்ச்சையாயிருச்சா?” என்றார் பெரியப்பா.

எனக்குக் கை நடுங்கிற்று. ஜன்னலையே மூடிவிட்டேன். அன்று சாயங்காலம் மருமகனுக்கு டெலிபோன் செய்தேன்.

“ஏன் மாமா மூடினீங்க? கண்ட்ரோலோட க்யூவை அமுக்கியிருந்தா அடிச்சதெல்லாம் தானா வந்து விழுந்திருக்குமே!” என்றான்.

“எஸ்ஸை அமுக்கினால் ஏன் உறைய வேண்டும்? க்யூவை அமுக்கினால் ஏன் உருக வேண்டும்?”

“அது அப்படித்தான் மாமா.”

கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் ‘அது அப்படித்தான்’ என்று சொன்னால் விடுவானா? தோண்டிப் பார்த்தேன். அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட பழங்கதை ஒன்று வெளியே வந்தது.

1963-ஆம் வருஷம் அமெரிக்காவில் டெலிடைப் கம்பெனியார் ‘மாடல் 33’ என்று ஒரு யந்திரத்தை வெளியிட்டார்கள். தட்டச்சுப் பொறிக்கும் தந்திக்கும் பிறந்த பிள்ளை என்று அதைச் சொல்லலாம். இங்கே அடிக்கிற எழுத்து கம்பி வழியே அங்கே போகும். அங்கிருந்து வருகிற எழுத்து இங்கே காகிதத்தில் விழும். வேகம் வினாடிக்கு 10 எழுத்து. பக்கவாட்டில் காகித நாடா ஒன்று ஓடும். அதில் துளைகளாகப் பதிந்த செய்தியை யந்திரமே படித்து அனுப்பும். ஆனால் வாங்குகிறவன் மூச்சு வாங்க வேண்டாமா? ‘நிறுத்து’ என்று சொல்ல ஒரு குறி, ‘இனி ஓட்டு’ என்று சொல்ல ஒரு குறி வைத்தார்கள். நிறுத்துகிற குறி எஸ் விசையில் இருந்தது; ஓட்டுகிற குறி க்யூ விசையில் இருந்தது.

அதே 1963-இல்தான் ‘ஆஸ்கி’ என்ற எழுத்து எண் அட்டவணையும் பிறந்தது. மொத்தம் 128 எண்கள். அவற்றில் முதல் 32 எண்கள் எழுத்துக்கு அல்ல, கட்டளைக்கு. கண்ட்ரோல் விசையின் வேலை மிகவும் எளியது: எழுத்தின் எண்ணிலிருந்து 64-ஐக் கழித்துவிடும். எஸ் 83, கழித்தால் 19, அதாவது நிறுத்து. க்யூ 81, கழித்தால் 17, அதாவது ஓட்டு.

இந்தச் சின்னக் கணக்கை மனத்தில் வாங்கிக்கொண்டால் டெர்மினலில் நடக்கிற பாதி விஷமங்கள் புரிந்துவிடும். ஐ 73, கழித்தால் 9, அதுதான் டாப் விசையின் எண். எம் 77; கழித்தால் 13, அது என்ட்டர். ஆகவே கண்ட்ரோல்-ஐ என்று ஒரு குறுக்குவிசையை அமைத்துக்கொண்டால் டாப் விசையும் கூடவே மாறிவிடும். டெர்மினலுக்கு அவை இரண்டல்ல, ஒன்றேதான். கண்ட்ரோலுடன் ஷிப்டைச் சேர்த்தாலும் அந்தப் பழைய கணக்கில் வித்தியாசம் கிடையாது.

டெலிடைப் யந்திரங்கள் ஓய்ந்துவிட்டன. ஆனால் இன்றைய டெர்மினல் ஜன்னல் அந்த யந்திரத்தைப் போலவே நடிக்கிறது. நான் எஸ்ஸை அமுக்கியபோது, ‘காகிதம் நிரம்பிவிட்டது போலிருக்கிறது, சற்று நிறுத்துவோம்’ என்று அது விசுவாசமாக நின்றுவிட்டது. தப்பு அதனுடையது அல்ல.

நான் எழுதுகிற நிரலுக்கும் இப்படி ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. அதன் மூதாதையான ‘வி.ஐ.’ என்னும் நிரலைக் கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலை மாணவராக இருந்த பில் ஜாய் 1970-களில் எழுதினார். அவர் முன்னால் இருந்தது ஏ.டி.எம்.-3ஏ என்ற டெர்மினல். அதில் அம்புக்குறிகளுக்குத் தனி விசை கிடையாது. ஹெச், ஜே, கே, எல் ஆகிய நான்கு விசைகளின் மேலேயே அம்புகள் வரைந்திருந்தன. எஸ்கேப் விசையோ இன்றைய டாப் விசை இருக்கிற இடத்தில், சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பலகைக்குப் பொருத்தமாக அவர் வைத்ததைத்தான் இன்று எங்கோ மூலையில் கிடக்கிற எஸ்கேப்பை எட்டி எட்டி அமுக்கி நாம் அனுபவிக்கிறோம். பின்னால் 1991-இல் பிராம் மூலனார் என்ற டச்சுக்காரர் ‘விம்’மை வெளியிட்டார். அவர் பயனர்களிடம் பணம் கேட்கவில்லை. உகாண்டாவில் உள்ள ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்றார். 2023-இல் அவர் காலமானார்.

தமிழில் எழுதுகிறவனுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. விம்மில் எழுதுகிற நிலை வேறு, கட்டளையிடுகிற நிலை வேறு. தமிழில் நாலு வரி எழுதி, எஸ்கேப்பை அமுக்கி, கீழ் வரிக்குப் போக ஜே விசையைத் தட்டினால் எதுவும் நடக்காது. காரணம், தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற ‘தமிழ் 99’ விசைப்பலகையில் அந்த நான்கு விசைகளும் க, ப, ம, த. ‘கீழே போ’ என்று நான் சொல்கிறேன். ‘ப’ என்று அதன் காதில் விழுகிறது. பாவம், அது என்ன செய்யும்?

விசைகளோடு தமிழன் போராடுவது புதிதல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து மலேயாவுக்குப் போன ஆர். முத்தையா, தமிழின் 247 எழுத்துக்களை ஒரு தட்டச்சுப் பொறியில் அடக்க முனைந்தபோது ஒரு தந்திரம் செய்தார். புள்ளிக்கும் கொம்புக்கும் நகராத விசைகளை வைத்தார். முதலில் புள்ளியைத் தட்டினால் உருளை நகராது. அடுத்துத் தட்டும் ‘க’ அதன் கீழேயே வந்து உட்கார்ந்து ‘க்’ ஆகிவிடும். தானாக எதுவும் செய்யாமல் அடுத்த விசையின் பொருளை மட்டும் மாற்றுகிற விசை! கண்ட்ரோல் செய்வதும் ஏறக்குறைய அதுதானே?

இனி வைத்தியத்துக்கு வருவோம். ஒரு குறுக்குவிசை வேலை செய்யாவிட்டால், வழியில் அதை யார் பிடுங்கிக்கொண்டார்கள் என்று பார்க்க வேண்டும். விரலுக்கும் நிரலுக்கும் நடுவே பல காவல்காரர்கள் நிற்கிறார்கள். முதலில் கம்ப்யூட்டரின் மேஜைத் திரை, பிறகு டெர்மினல் ஜன்னல், பிறகு டெலிடைப்பின் ஆவியான உள் அமைப்பு, கடைசியில்தான் நம்முடைய நிரல். நிரலுக்கு வெளியே வந்து, கண்ட்ரோல்-வி அமுக்கி, சந்தேகப்பட்ட விசையைத் தட்டினால் அது அனுப்பும் குறி பெரும்பாலும் தெரியும். ஒன்றுமே தெரியாவிட்டால் முதல் இரண்டு காவல்காரர்களில் ஒருவர் எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம். அவர்களுடைய அமைப்புகளில் தேடிப் பிடிக்கலாம்.

உறைகிற வியாதிக்கு மருந்து ஒரே வரி: எஸ்.டி.டி.ஒய். என்ற நான்கு எழுத்து, ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, ஒட்டினாற்போல் ஐ.எக்ஸ்.ஓ.என். எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில். அந்த டி.டி.ஒய். டெலிடைப்பையே குறிக்கிறது. டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடுகிற தொடக்கக் கோப்பில் இந்த வரியை எழுதிவிட்டால் எஸ் பிறகு நிறுத்தாது. தமிழ்த் தொல்லைக்கு விம்மிலேயே வழி இருக்கிறது. கம்ப்யூட்டரை ஆங்கிலத்தில் விட்டுவிட்டு, ‘கீமேப்’ என்ற அமைப்பின் மூலம் விம்மையே தமிழாக்கச் சொன்னால் எழுதும்போது மட்டும் தமிழ் வரும். கட்டளைக்கு ஜே, ஜேயாகவே நிற்கும்.

என் இரண்டு பக்கம் என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். விம் ரகசியமாக ஒரு நகல் வைத்துக்கொள்கிற குணமுள்ளது. மருமகன் சொல்லிக் கொடுத்தபடி மீட்டெடுத்தேன். உறைந்த கணம் வரை எழுதியதெல்லாம் கிடைத்தது. அதற்குப் பிறகு நான் குருட்டு நம்பிக்கையில் அடித்த பத்து வரி மட்டும் போனது போனதுதான். நான் ஜன்னலை மூடுகிற வரையில் அவை உள்ளே வரிசையில் காத்துக்கொண்டு நின்றிருந்தன.

மறுநாள் பெரியப்பாவிடம், “நேற்றுக் கடைசியாகச் சொன்னதை இன்னொரு தரம் சொல்லுங்கள்” என்றேன். சொன்னார். ஆனால் அது வேறு கதையாக இருந்தது. முதல் நாள் சொன்னதில், தாம் பிளந்த முதல் நிப்பால் யாரோ ஒருவர் கடிதம் எழுதிப் பார்த்ததாக ஒன்று வந்தது. அந்த ஆள் யார், கடிதம் யாருக்கு என்று கேட்டேன்.

“அப்படியா சொன்னேன்?” என்றார் பெரியப்பா.