பள்ளிக்கரணையை மேலிருந்து பார்த்தவர்கள்

பெருங்குடி, வேளச்சேரி பக்கம் வீடு தேடுறவங்களுக்கு இந்த எபிசோட் நேரடியாகவே உதவும். "இங்க மழைக்குத் தண்ணி நிக்குமா?"ன்னு புரோக்கரைக் கேட்டா, "சேச்சே, இது மேடு சார்"னுதான் பதில் வரும். ஆனா 1972-லிருந்து பூமியை மேலிருந்து ஒருத்தர் மாத்தி ஒருத்தர் படம் எடுத்துக்கிட்டே இருக்காங்க. அந்தப் படங்களோட கதைதான் இன்னைக்கு.

1972 ஜூலை 23. நாசா ஒரு செயற்கைக்கோளை ஏவுகிறது. பின்னாளில் அதற்கு லேண்ட்சாட் 1 என்று பெயர் வந்தது. அதில் ரெண்டு கருவிகள். பெரியவங்க நம்பினது டிவி கேமரா மாதிரியான ஒண்ணை. இன்னொன்று, வெர்ஜீனியா நார்வுட் என்ற பொறியாளர் வடிவமைத்த ஸ்கேனர். "கூட இருந்துட்டுப் போகட்டும்" என்ற அளவில்தான் அதை ஏத்தினாங்க. சில நாட்களிலேயே மின்கோளாறால் கேமராவை நிறுத்த வேண்டியதாப் போச்சு. ஸ்கேனர் வருஷக்கணக்கில் ஓடியது. நம்ம புராஜெக்ட்லயும் டெமோவுக்கு யாரும் கூப்பிடாத மாட்யூல்தான் கடைசி வரைக்கும் ஓடும், இல்லையா?

அந்த ஸ்கேனர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் பதிவு செய்தது. அகச்சிவப்பில் தண்ணீர் கறுப்பாகத் தெரியும், செடிகொடி பளிச்சென்று தெரியும். ஆனா ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 80 மீட்டர். நம்ம ஊர்க் கணக்கில், ஒரு பிக்சலுக்குள்ள 28 கிரவுண்ட் அடங்கிடும்! வீடு தெரியாது, ஏரி தெரியும். 1982-இல் லேண்ட்சாட் 4 வந்தப்போ அது 30 மீட்டராகக் குறைந்தது. அதாவது நாலு கிரவுண்ட். நகரம் எப்படிப் பரவுதுன்னு பார்க்க இது போதும். 1984-இல் போன லேண்ட்சாட் 5-ஐ மூணு வருஷத்துக்குன்னு செய்தாங்க. அது 2013 வரைக்கும் உழைச்சது.

அப்போ எல்லாரும் ஏன் அன்னைக்கே பார்க்கலை? காசு. 1980-களில் இந்தப் படங்களை விற்கும் பொறுப்பைத் தனியாரிடம் கொடுத்தாங்க; ஒரு படத்தின் விலை 4,000 டாலரைத் தாண்டியது. அதனால் பல ஆய்வுகள் "அன்று, இன்று" என்று ரெண்டு படங்களோடு நின்னுடும். நடுவுல என்ன நடந்ததுன்னு தெரியாது. 2008-இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை மொத்த ஆவணத்தையும் இலவசமாகத் திறந்துவிட்டது. அதுக்கு முன்னாடி நல்ல வருஷத்திலேயே விற்றது சுமார் 25,000 படங்கள்தான். திறந்த பிறகு ஒரே வருஷத்தில் 10 லட்சம் டவுன்லோடு. என்னைக் கேட்டா, இந்தத் துறையில் எந்த ராக்கெட்டையும் விடப் பெரிய திருப்பம் அதுதான்.

இப்போ பள்ளிக்கரணைக்கு வருவோம். தென்சென்னை ஏரிகளோட உபரி நீர் இங்கே வந்து சேரும். ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளத்தில் கடலில் கலக்கும். ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரப்பு என்பாங்க. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது 1,247 ஹெக்டேர். வருஷ வாரியா படங்களை அடுக்கினா பெருங்குடி குப்பைமேடு வளர்றது, 2000-இல் டைடல் பார்க் வந்த பிறகு ஓ.எம்.ஆர். ஓரம் கட்டடங்கள் நெருங்கறது, எல்லாம் தெரியும்.

இங்கதான் ஒரு சிக்கல். கட்டடங்களைத் தானாகக் கண்டுபிடிக்க 2003-இல் சீனாவின் நான்ஜிங் நகரத்தை வெச்சு ஒரு குறியீடு வந்தது, பேரு என்.டி.பி.ஐ. ரெண்டு வகை அகச்சிவப்பைக் கழிச்சு, கூட்டி, வகுக்கிற ரெண்டு வரி கோடு, அவ்வளவுதான். ஆனா அதுக்குக் காய்ந்த வெறும் மண்ணும் கான்கிரீட்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பள்ளிக்கரணை மே, ஜூனில் பல இடங்களில் வறண்டு கிடக்கும். மேகமில்லாத நல்ல படமும் பெரும்பாலும் வெயில் மாதங்களில்தான் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழையில் சதுப்பு முழுசா நிரம்பி நிற்கும்போது மேலே மேகம் மூடியிருக்கும். ஆக, சுத்தமான படங்களை மட்டும் பொறுக்கி எடுத்தா, சதுப்பு மிகச் சுருங்கியிருக்கும் நாட்களை மட்டுமே பார்க்கிறோம்.

இது புது தப்பும் இல்லை. வரி தராத நிலத்தைத் தரிசு என்று எழுதுவது பிரிட்டிஷ் வருவாய்த்துறையின் பழக்கம். ஊர் கழுவெளி என்று சொன்னதை, காகிதம் தரிசு என்றது. "தரிசுதானே"ன்னு குப்பையும் வந்தது, கட்டடமும் வந்தது. இப்போ அதே நிலத்தை ஒரு அல்காரிதமும் வெறும் மண்ணுன்னு சொன்னா, அது எல்லைக்கோடாகி அனுமதிக் கோப்புக்குள்ள போகும். அதை நம்பி இருபது வருஷக் கடன் வாங்குறவர் தரைத்தளத்தில் ஃப்ளாட் வாங்குவார். 2015 டிசம்பரில் வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருந்தவங்களைக் கேட்டுப் பாருங்க.

வழி இருக்கு. ரேடார் செயற்கைக்கோள்கள் மேகத்தைத் துளைச்சுப் பார்க்கும். 2014-இல் ஏவிய சென்டினல்-1-இன் படங்கள் இலவசம். ஒரே நாளை நம்பாம, ஒவ்வொரு பிக்சலும் வருஷத்தில் எத்தனை தடவை நனைஞ்சதுன்னு எண்ணலாம். 1972-க்கும் முன்னாடி போகணும்னா கொரோனா இருக்கு. கிருமி இல்லைங்க, அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள். 1960 முதல் 1972 வரை ஃபிலிமில் படம் எடுத்து, கேப்ஸ்யூலில் போட்டு பாராசூட்டில் இறக்கி, விமானத்தால் நடுவானில் கொக்கி போட்டுப் பிடிச்சாங்க. அதோட கடைசிக் காலத்துப் படங்கள் லேண்ட்சாட் 1-ஐ விடப் பல மடங்கு துல்லியம். 1995-இல் ரகசியம் நீக்கினாங்க. அதைப் பத்தி அடுத்த எபிசோடில்.