கூண்டுக்குள் ஒரு சிலை: நாளை தோண்டுபவர்கள் என்ன எழுதுவார்கள்?

ஆயிரம் ஆண்டுகள் கழித்து வேதாரண்யத்தில் யாரோ அகழாய்வு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் மொழி அவர்களுக்குத் தெரியாது. காகிதமும் கணினியும் மிஞ்சவில்லை. மண்ணிலிருந்து ஒரு மனிதரின் சிலை வருகிறது. கோட்டு, மூக்குக்கண்ணாடி, கையில் புத்தகம், நீட்டிய விரல். அடுத்தடுத்த ஊர்களிலும் அதே மனிதர். பல இடங்களில் அவரைச் சுற்றித் துருப்பிடித்த கம்பிகள்.

'இவர் இம்மக்களின் தெய்வம், கம்பிக் கூண்டு கருவறை' என்று ஒருவர் எழுதுவார். 'இவர் சட்டத்தை மீறிய கைதி' என்று இன்னொருவர் எழுதுவார். அரசியல் சட்டத்தை எழுதியவரைப் பற்றித்தான்!

நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் சிந்து நாகரிகத்துக்கு இதுதான் நடந்தது. 1920களில் மொகஞ்சதாரோவில் தாடி வைத்த ஓர் ஆணின் சிறிய கற்சிலை கிடைத்தது. 'பூசாரி அரசன்' என்று பெயர் வைத்தார்கள். இடுப்பில் கை வைத்து நிற்கும் ஒரு பெண்ணின் வெண்கலச் சிலை கிடைத்தது. அவள் 'நடன மங்கை' ஆனாள். அவர் பூசாரி என்றோ, அவள் ஆடினாள் என்றோ எந்த எழுத்தும் சொல்லவில்லை. சிந்து எழுத்தை எல்லோரும் ஏற்கும்படி இன்றுவரை யாரும் படிக்கவும் இல்லை. மேல்சால்வை போட்ட ஆண் என்றால் அதிகாரம், ஆடையில்லாத பெண் என்றால் ஆட்டம் என்று, பார்த்தவர்களின் சமூகமே அந்தப் பெயர்களை வைத்தது.

எழுத்து இருந்தால் மட்டும் போதுமா? தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். ராஜராஜன் கல்வெட்டு 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரை, எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை சொல்கிறது. அதே கோயிலுக்கு நெல் அளந்த ஊர்களைப் பட்டியலிடும் கல்வெட்டில் நாமும் இருக்கிறோம். வரி நீக்கிய நிலங்களின் கணக்கில், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்று வருகிறோம். அங்கே வாழ்ந்த ஒருவரின் பெயர்கூட அதில் இல்லை. கோபுரத்தைப் பார்த்து வியப்பவர்கள் இந்த வரிகளைப் படிப்பதில்லை.

இதற்குப் பதில் சொல்லும் ஒரு கல்லும் நம் டெல்டாவில்தான் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நெல் கூலியை உயர்த்திக் கேட்டுப் போராடிய குடும்பங்கள் அவை. நினைவிடத்தில் 44 பெயர்களும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. நம் மக்களின் பெயர்களைத் தாங்கி நிற்கும் கல் அது.

2019 ஆகஸ்ட் 25 அன்று வேதாரண்யத்தில் அம்பேத்கர் சிலை உடைக்கப்பட்டது. மறுநாளே அரசு புதிய சிலையை நிறுவியது. சிலை திரும்ப வந்தது நல்லதுதான். ஆனால் முழுச் சிலையை மட்டும் பார்க்கும் ஒருவருக்கு, அதற்கு முன் அங்கே ஒன்று உடைந்தது எப்படித் தெரியும்? பல ஊர்களில் சிலைக்கு ஏன் கூண்டு போட்டார்கள் என்பது இன்றே பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியவில்லை. கூண்டோடுதான் சிலை வைப்பார்கள் என்று அது நினைக்கிறது. தவறான வாசிப்பு தொடங்க ஆயிரம் ஆண்டுகள் தேவைப்படவில்லை.

எனவே தோழர்களே, இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டை எடுத்துச் செல்லுங்கள். உங்கள் ஊர்ச் சிலையை எந்த ஆண்டு வைத்தார்கள், யார் தங்கள் கூலியிலிருந்து பணம் கொடுத்தார்கள், யார் எதிர்த்தார்கள், கூண்டு எப்போது வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அந்தப் பெயர்களைச் சிலையின் பீடத்தில் பொறிக்க ஊர்க்கூட்டத்தில் பேசுங்கள். கேட்டுச் சொல்ல அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.

ஜெய்பீம்.