மலையேறிய துவிச்சக்கர வண்டி

துவிச்சக்கர வண்டியில் மலைவழி ஏறிச் சென்று, ஏரிக்கரையில் கூடாரமடித்துத் தங்கி, நல்ல காற்றையும் தண்ணீரையும் அனுபவித்து மீளுவது இன்று உலகெங்கும் உல்லாசப் பொழுதுபோக்காக விளங்குகின்றது. ஓய்வும் பணமும் உடையார்க்கே இவ்விளையாட்டு உரியது என்று நம்மவரில் அநேகர் எண்ணுகின்றனர். தோட்டத்து மண்பாதையிலே விடியுமுன் வண்டியை மிதித்து வேலைக்குச் செல்பவனுக்கு, அதே செயலை மற்றொருவன் இன்பத்திற்காகச் செய்கிறான் என்பது விந்தையாகவே தோன்றும். ஆயினும் இதன் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போமாயின், அதன் முதல் ஏடுகளுள் ஒன்றில் நாம் காண்பது செல்வர் கூட்டத்தை அன்று. சம்பளத்திற்கு உழைத்த கறுப்பினச் சிப்பாய்களையே காண்கிறோம். அவர்தம் கதையை நம் நேயர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இதனை எழுதலானோம்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-ம் ஆண்டு முடிந்து, அடிமைத்தளை சட்டப்படி அறுக்கப்பட்டது. கறுப்பின மக்கள் பட்டாளத்தில் சேர இடமளிக்கப்பட்டது. ஆனால் வெள்ளையரோடு ஒரே அணியில் நிற்க இடமளிக்கப்படவில்லை. அவர்களுக்கெனத் தனிப் பட்டாளங்கள் வகுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று 1869-ம் ஆண்டு அமைக்கப்பெற்ற 25-வது காலாட்படை. சிப்பாய்கள் அனைவரும் கறுப்பர், அதிகாரிகள் வெள்ளையர். ஊர்களுக்கு அண்மையில் அவர்களை வைக்க விரும்பாத அரசாங்கம், தொலைவான எல்லைப்புறங்களுக்கே அவர்களை அனுப்பிவந்தது. இவ்வாறு 1888-ம் ஆண்டு அப்பட்டாளம் வடமேற்கிலுள்ள மாண்டானா நாட்டிற்கு வந்து, மிசூலா என்னும் கோட்டையிலும் பிற இடங்களிலும் தங்கிற்று.

அக்காலம் துவிச்சக்கர வண்டியின் பொற்காலம். இரு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவாய், சங்கிலியால் ஓடும் வண்டியை இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் 1885-ம் ஆண்டு வெளியிட்டார். 1888-ம் ஆண்டு டன்லப் என்பவர் காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்தைக் கொணர்ந்தார். இவ்விரண்டும் ஒன்றுசேர்ந்தபின், அமெரிக்காவில் சைக்கிள் மோகம் தலைக்கேறிற்று. நல்ல சாலை வேண்டுமென்று கிளர்ச்சி செய்த சைக்கிள் சங்கத்தார், அமெரிக்கச் சக்கரர் கழகம் என்ற பேரமைப்பாய்த் திரண்டிருந்தனர். அக்கழகமோ 1894-ம் ஆண்டு தன் விதியைத் திருத்தி, வெள்ளையர் மட்டுமே இனி அங்கத்தினராகலாம் என்று எழுதிக்கொண்டது. சக்கரத்திற்கு நிறம் தெரியாது, சங்கத்திற்குத் தெரிந்தது!

இந்நிலையில், 1894-ம் ஆண்டு இராணுவக் கல்லூரியில் தேறிவந்த ஜேம்ஸ் மாஸ் என்னும் இளம் லெப்டினன்ட் ஒருவர் மிசூலாக் கோட்டையில் பணியாற்றிவந்தார். கல்லூரியில் தம் வகுப்பில் கடைசியாகத் தேறியவர் அவர். குதிரைக்குத் தீனி வேண்டும், தண்ணீர் வேண்டும், ஓய்வும் வேண்டும், சத்தமும் இடும், சைக்கிளுக்கோ இவை ஒன்றும் வேண்டா என்று அவர் வாதித்தார். சேனாதிபதி நெல்சன் மைல்ஸும் அதே கருத்துடையவராய் இருந்தமையால், 1896-ம் ஆண்டு அனுமதி கிடைத்தது. ஸ்பால்டிங் கம்பெனியார் வண்டிகளை இரவலாய் அளித்தனர். 25-வது காலாட்படையிலிருந்து எட்டுச் சிப்பாய்கள் தெரிந்தெடுக்கப்பட்டனர். நாள்தோறும் பல மைல் மிதிப்பதும், வண்டியோடு வேலி தாண்டுவதும், ஓடைகளை வண்டி சுமந்து கடப்பதுமாகப் பயிற்சி நடந்தது.

முதற் பிரயாணம் எங்குச் சென்றது? ஏரிக்கரைக்கே! 1896-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி, அவ்வெண்மரும் மாஸும் கோட்டையை விட்டு வடக்கு நோக்கிப் புறப்பட்டனர். மிஷன் மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள மெக்டொனால்டு ஏரியே அவர்தம் இலக்கு. (பனிமலைப் பூங்காவில் இதே பெயருடைய பேரேரி ஒன்று உண்டு, அது வேறு.) போய் வர 126 மைல். வண்டி மீது செலவழிந்த நேரம் ஏறத்தாழ 24 மணி. சாலை என்று பெயரளவில் இருந்தது. மழை பெய்து களிமண் குழைந்து சக்கரத்தில் அப்பிற்று, எதிர்காற்று முகத்தில் அறைந்தது, சக்கரம் பஞ்சராயிற்று, மிதிகட்டை ஒடிந்தது, சங்கிலி கழன்றது. ஓட்டமுடியாத இடங்களில் இறங்கித் தள்ளினர். பழுதானவற்றை ஃபிண்ட்லி என்னும் சிப்பாய் வழியிலேயே செப்பனிட்டார். சைக்கிள் வேலை அறிந்தவர் அவர். நான்கு நாட்களில் போய்த் திரும்பினர்.

அவர்கள் சுமந்த சுமையை எண்ணிப் பார்க்கவேண்டும். போர்வைச் சுருள், மாற்றுடை, உணவு, சமையற் பாத்திரம், செப்பனிடும் கருவி, துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றோடு ஒவ்வொருவர் வண்டியிலும் ஒரு பாதிக் கூடாரம் இருந்தது. முழுக் கூடாரம் எவனுக்கும் கிடையாது. அப்படையின் வழக்கப்படி ஒவ்வொரு சிப்பாய்க்கும் அரைக் கூடாரத் துணியே கொடுக்கப்படும். மாலையில் இருவர் தத்தம் பாதியைச் சேர்த்துப் பொத்தானிட்டால்தான் இரவில் இருவர்க்கும் கூரை உண்டு. தோழன் பின்தங்கிவிட்டால், முன்னே ஓடியவனுக்கும் கூரை இல்லை. கூட்டுறவின் பயனை விளக்க இதனினும் எளிய பாடம் வேண்டுமோ?

அவர்கள் சென்ற நிலம் யாருடையது என்பதையும் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. அவ்வேரி ஸாலிஷ், கூட்டனை முதலிய ஆதிக்குடிகளுக்கு 1855-ம் ஆண்டு உடன்படிக்கைப்படி ஒதுக்கப்பட்ட பூமியில் உள்ளது. பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் வாழ்ந்த ஸாலிஷ் மக்களின் கடைசிக் கூட்டம், சார்லோ என்னும் தலைவரோடு, 1891-ம் ஆண்டு தன் சொந்த ஊரை விட்டு வடக்கே அந்த ஒதுக்குநிலத்திற்குச் செல்லும்படி நெருக்கப்பட்டது. ஐந்தாண்டு கழித்து அதே வடதிசையில் சிப்பாய்களின் சக்கரம் உருண்டது. ஒரு சாரார் துயரத்தோடு நடந்த வழியில் மற்றொரு சாரார் கட்டளைக்குப் பணிந்து மிதித்துச் சென்றனர். இரு சாராருக்கும் அந்நாட்டு அரசியலில் வாய் இல்லை. பிற்காலத்தில் அவ்வாதிக்குடியினர் தம் உரிமையை நிலைநாட்டி, 1982-ம் ஆண்டு மிஷன் மலைகளைத் தம் சொந்தப் பாதுகாப்புக் காடாக அறிவித்தனர் என்பது ஓர் ஆறுதல்.

ஏரிப் பயணம் முடிந்த சில நாட்களில், ஆகஸ்டு 15-ந் தேதி, அதே படை எல்லோஸ்டோன் பூங்காவிற்குப் புறப்பட்டது. போய் வர ஏறத்தாழ 800 மைல். கண்டத்தின் நீர்பிரிக்கும் மலைமுகட்டையும் ஏறிக் கடந்தனர். கொதிநீர் ஊற்றுகளால் அடுக்கடுக்காய் அமைந்த மினெர்வா மேடைமீது வண்டிகளோடு அவர்கள் நிற்கும் புகைப்படத்தை ஹெயின்ஸ் என்பவர் எடுத்தார். அப்படம் இன்றும் இருக்கின்றது. 1872-ம் ஆண்டு அமைக்கப்பட்ட அப்பூங்காவிற்கு உல்லாசமாய் வந்தோர் பெரும்பாலும் வசதியுடையோரே. அவர்கள் கண்ட காட்சிகளையே இச்சிப்பாய்களும் கண்டனர். ஆனால் குதிரை வண்டியில் சாய்ந்திருந்து அன்று, தம் கால்களின் பலத்தால்.

மூன்றாம் பயணமே பெரும் பயணம். 1897-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி இருபது சிப்பாய்களும், மாஸும், மருத்துவர் ஒருவரும், பத்திரிகை நிருபர் ஒருவரும் செயின்ட் லூயிஸ் நகரை நோக்கிக் கிளம்பினர். தூரம் 1,900 மைல். சுமையோடு ஒவ்வொரு வண்டியும் ஏறத்தாழ 60 இராத்தல். மலைமுகட்டில் பனி, சமவெளியில் சேறு, நெப்ராஸ்கா மணற்காட்டில் சுட்டெரிக்கும் வெயில். அங்கே கிடைத்த உவர்நீர் குடித்துப் பலர் நோயுற்றனர். மணலில் சக்கரம் புதைந்தபோது இரயில் தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகள்மீது மைல் கணக்காய்க் குலுங்கிக் குலுங்கி ஓட்டினர். ஜூலை 24-ந் தேதி, 41-வது நாளில், நகரை அடைந்தனர். அவற்றுள் வண்டி ஓடிய நாட்கள் 34. நாளொன்றுக்குச் சராசரி 56 மைல். நகர மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு அவர்தம் அணிவகுப்பைக் கண்டனர்.

பயன் யாது? அவர்கள் இரயிலேற்றித் திருப்பியனுப்பப்பட்டனர். அடுத்து ஸான் பிரான்சிஸ்கோவிற்குப் போக மாஸ் கேட்ட அனுமதி மறுக்கப்பட்டது. 1898-ம் ஆண்டு ஸ்பெயினோடு போர் மூண்டது. 25-வது படை கியூபாவிற்குச் சென்றது. சைக்கிள் பரிசோதனை அத்தோடு கைவிடப்பட்டது. துவிச்சக்கர வண்டி ஒரு பட்டாளத்தை எவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்பதற்கு, 1941 டிசம்பருக்கும் 1942 பிப்ரவரிக்கும் இடையே ஜப்பானியர் வண்டி மிதித்து வந்ததைக் கண்ட நம் முன்னோரே சாட்சி.

அச்சிப்பாய்கள் பெற்ற கைம்மாறு யாதென்பதை இனிக் கேளுங்கள். செயின்ட் லூயிஸ் பயணத்தில் சிப்பாய்களுக்குத் தலைமை தாங்கியவர் மிங்கோ ஸாண்டர்ஸ் என்னும் ஸார்ஜன்ட். கியூபாவிலும் பிலிப்பைன்ஸ் தீவுகளிலும் சேவை செய்தவர். 1906-ம் ஆண்டு அப்பட்டாளத்தின் மூன்று பிரிவுகள் டெக்ஸாஸ் மாகாணத்தில் பிரவுன்ஸ்வில் நகருக்கு அனுப்பப்பட்டன. ஆகஸ்டு 13-ந் தேதி இரவு அந்நகரில் துப்பாக்கி வெடித்து ஒருவர் மாண்டார். சிப்பாய்களே சுட்டனர் என்று ஊரார் குற்றஞ்சாட்டினர். சிப்பாய்கள் பாசறையில் இருந்தனர் என்று அவர்களுடைய வெள்ளை அதிகாரிகளே கூறியும் எடுபடவில்லை. வழக்கு இல்லை, விசாரணை மன்றம் இல்லை, தீர்ப்பு இல்லை. சுட்டவர் யாரென ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை என்ற காரணத்தால், 167 சிப்பாய்களை ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் மரியாதையின்றி வேலையினின்று நீக்கினார். கால் நூற்றாண்டிற்கு மேல் உழைத்து உபகாரச் சம்பளத்தை எதிர்நோக்கியிருந்த ஸாண்டர்ஸும் அவர்களுள் ஒருவர். 1972-ம் ஆண்டுதான் இராணுவம் தன் பிழையை ஒப்பி அவர்தம் பெயரின் மாசைத் துடைத்தது. அப்போது ஸாண்டர்ஸ் உயிரோடில்லை.

இனி உல்லாச வரலாற்றிற்கு வருவோம். கூடாரத்தையும் சைக்கிளையும் இணைத்து மகிழ்ச்சிக்குரிய கலையாக்கியவர் தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்னும் ஆங்கிலேயர், தொழிலால் தையற்காரர். மடித்து வண்டியில் கட்டத்தக்க இலேசான கூடாரங்களைத் தாமே தைத்து, அயர்லாந்தில் சுற்றிவந்து, 1898-ம் ஆண்டு அதுபற்றி நூல் எழுதினார். 1901-ம் ஆண்டு சைக்கிள் கூடாரச் சங்கம் தோன்றிற்று. மலைக்கென்றே வலுவாய் அமைந்த சைக்கிள் வெகு காலம் கழித்தே வந்தது. கலிபோர்னியாவில் டமல்பைஸ் மலைச்சரிவில் இளைஞர் சிலர் பழைய கனத்த வண்டிகளில் பாய்ந்திறங்கி விளையாடினர்; 1976-ம் ஆண்டு பந்தயம் வைத்தனர்; 1977-ம் ஆண்டு ஜோ பிரீஸ் என்பவர் அதற்கெனப் புதுச் சட்டம் செய்தார்; 1979-ம் ஆண்டு மலைச் சைக்கிள் என்ற பெயரிலேயே கம்பெனி பிறந்தது; 1996-ம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் பந்தயமாகவும் சேர்க்கப்பட்டது. இவர்தம் புகழைக் குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று. தையற்காரரும் இளைஞரும் தம் கைத்திறமையால் செய்தவை பாராட்டுக்குரியன. ஆனால் மலைச் சைக்கிளின் சரித்திரம் 1976-ம் ஆண்டில்தான் தொடங்குகிறது என்று எழுதுவோர், எண்பதாண்டுகட்கு முன் பற்சக்கர மாற்று இல்லாத வண்டியில், துப்பாக்கியும் பாதிக் கூடாரமும் சுமந்து மலையேறியவரை எங்கே வைப்பார்?

விளையாட்டுக்காக ஏறியவனுக்குப் பெயர் உண்டு. வேலையாக ஏறியவனுக்குப் பெயர் இல்லை. இதுவே சரித்திரத்தில் நாம் பலகாலும் காணும் அநீதி. ஒரே மலை, ஒரே ஏரி, ஒரே வண்டி. வேறுபாடு அவனவன் நிலையில் மட்டுமே. எனினும் மறதி நிரந்தரமன்று. 1974-ம் ஆண்டு மாண்டானாப் பல்கலைக்கழகத்தினர் சிலர் அச்சிப்பாய்களின் தடத்திலேயே மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ்வரை சைக்கிளில் சென்று அவர்களை நினைவுகூர்ந்தனர். நிறபேத விதி எழுதிய சைக்கிள் கழகமும் 1999-ம் ஆண்டு அதனை வெளிப்படையாய் நீக்கிக்கொண்டது. தேடுவார் இருந்தமையால் அன்றோ இவை நிகழ்ந்தன!

நேயர்களே! இந்நாட்டிலும் காடழித்தவர், சாலை போட்டவர், இரயில் பாதை அமைத்தவர் ஆகியோருள் நம்மவர் பல்லாயிரவர். அச்சாலையில் இன்று உல்லாசமாய்ச் செல்வோரில் நம் பிள்ளைகளும் இருக்கவேண்டும். ஏரிக்கரைக் காற்று பணக்காரனுக்கென்று தனியே வீசுவதில்லை. தோட்டத்துப் பிள்ளைகளை நான்கு பேராய்ச் சேர்த்து, இருக்கும் சைக்கிளில், இருக்கும் துணியைக் கூடாரமாக்கி ஒருநாள் வெளியே அழைத்துச் செல்லுங்கள்; தேகத்திற்கு வலிமையும் மனத்திற்குத் துணிவும் உண்டாகும். புறப்படுமுன், அவ்வழியில் முதலில் மண்வெட்டி பிடித்த நம் பாட்டனார், பாட்டியார் பெயர்களை வீட்டு முதியோரிடம் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். ஸாண்டர்ஸின் பெயர் பட்டாளத்துப் பதிவேட்டில் இருந்தமையால் நமக்கு எட்டிற்று. நம்மவர் பெயரை நாமே எழுதினாலன்றி, பின்வருவோர்க்கு அது எட்டப்போவதில்லை.