பதவி ஏற்காத சபை உறுப்பினர்: யோகான் கோர்னீஸும் மொலோச்னா மெனோனைட்டுக் குடியிருப்பும் (1804–1848)

ஆய்வுச்சுருக்கம்: பிரஷ்யாவிலிருந்து தென் ரஷ்யப் புல்வெளிக்குக் குடிபெயர்ந்த மெனோனைட்டு உழவர் யோகான் கோர்னீஸ், வேளாண் சீர்திருத்தவாதியாகவே பெரிதும் அறியப்படுகிறார். அவரைத் திருச்சபை உறுப்பினர் என்ற நிலையிலிருந்து இக்கட்டுரை அணுகுகிறது. சபையில் எப்பதவியும் வகிக்காத ஒருவர் சபை மூப்பர்களையே வீழ்த்தும் ஆற்றல் பெற்றது எவ்வாறு என்பது இதன் ஆய்வுப்பொருள்.

திறவுச்சொற்கள்: மெனோனைட்டு, மொலோச்னா, புலம்பெயர்வு, சபை விலக்கம், வேளாண் சங்கம்

குடிபெயர்வு

பதினாறாம் நூற்றாண்டில் மென்னோ சைமன்ஸின் பெயரால் வழங்கத் தொடங்கிய மெனோனைட்டுகள், பெரியவர்களுக்கே திருமுழுக்கு அளிப்பர், ஆணையிட்டுச் சத்தியம் செய்யார், ஆயுதம் ஏந்தார். படைப்பணிக்கு வராதோர் என்பதால் பிரஷ்ய அரசு அவர்கள் புதிதாக நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்தியது. பிள்ளைகளுக்கு நிலம் கிடையாது என்ற நிலை உருவானபோது, படைப்பணி விலக்கும் நிலமும் தருவதாக ரஷ்ய அரசு அழைத்தது. 1800இல் பேரரசர் முதலாம் பவுல் இவ்வுரிமைகளைச் சாசனமாகவே வழங்கினார். மொலோச்னா குடியிருப்பு 1804இல் தொடங்கியது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 65 தெசியத்தீனா, அதாவது ஏறத்தாழ 175 ஏக்கர் நிலம் கிடைத்தது. ஆனால் அந்நிலத்தைப் பிள்ளைகளுக்குள் பங்கிடக் கூடாது என்பது விதி. இவ்விதி பின்னாளில் என்ன விளைத்தது என்பதை இறுதியில் காண்போம்.

டான்சிக் நகருக்கு அருகில் 1789இல் பிறந்த கோர்னீஸ், பெற்றோருடன் ரஷ்யா வந்து ஓர்லோஃப் என்னும் சிற்றூரில் குடியேறினார். ஓராண்டு மாவு ஆலையில் உழைத்தார். பின்னர்க் குடியிருப்பின் விளைபொருள்களைக் கிரிமியத் துறைமுகங்களுக்கும் சிம்ஃபெரோபோலுக்கும் கொண்டுசென்று விற்றார். ரஷ்ய அதிகாரிகளோடு பேசும் பழக்கம் இவ்வணிகப் பயணங்களில்தான் வாய்த்திருக்க வேண்டும். 1812இல் சொந்தப் பண்ணை வாங்கினார். பின்னர் யூஷான்லி ஆற்றங்கரையில் அரசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மெரினோ செம்மறி ஆடுகளைப் பெருக்கினார். 1825இல் பேரரசர் முதலாம் அலெக்சாந்தர் ஓர்லோஃபில் அவர் இல்லத்துக்கே வந்தார் என்பது அவர் அடைந்த செல்வாக்குக்குச் சான்று.

அண்டையில் வாழ்ந்த நோகாய் இசுலாமியர் மேய்ச்சல் வாழ்க்கையினர். அவர்களுக்குத் தம் மெரினோ மந்தைகளைக் கோர்னீஸ் வாரத்துக்கு விட்டார். நம் ஊர்களில் கால்நடையை வாரத்துக்கு வளர்க்கும் வழக்கம் அறிந்தோர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஈற்றில் பங்கு வளர்ப்பவருக்கு, எஞ்சியது உடையவருக்கு. இதனை அறச்செயல் என்று மட்டும் எழுதுவோர் உண்டு. இருவர்க்கும் ஆதாயமான வணிக ஏற்பாடு என்பதே பொருத்தமான விளக்கம்.

சங்கமும் சபையும்

1830இல் மரம் வளர்ப்புக்கெனத் தொடங்கி 1836இல் விரிவடைந்த வேளாண் சங்கத்தின் தலைவராகக் கோர்னீஸ் இறுதிவரை விளங்கினார். 1833ஆம் ஆண்டின் கடும் வறட்சி ஆட்டுப்பண்ணையை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை உணர்த்தியிருந்தது. நான்காண்டுச் சுழற்சியில் ஓராண்டு நிலத்தை உழுது, விதைக்காமல் கருந்தரிசாக விட்டு ஈரம் காக்கும் முறையைச் சங்கம் பரப்பியது. எருவிடுதல், காற்றுத்தடுப்பு மரவரிசை, பட்டுப்புழுவுக்கான முசுக்கொட்டைச் செடி ஆகியவையும் பரவின. மழை குன்றிய புல்வெளியில் கோதுமை விளைவித்ததில் இம்முறைகளின் பங்கு பெரிது.

சிக்கல் இவற்றைச் செயற்படுத்திய விதத்தில் இருந்தது. சங்கம் அறிவுரை கூறும் அமைப்பு மட்டுமன்று; ஒதெசாவிலிருந்து அயல்குடியினரைக் கண்காணித்த அரசுக் குழுவின் ஆதரவு அதன் பின்னே நின்றது. மரம் நடாதவனும் பண்ணையைச் சீர்கேடாக வைத்திருப்பவனும் தண்டனைக்கு உள்ளாகலாம். தண்டனையில் கட்டாய உழைப்பும் உடல்வதையும் அடங்கும். மெனோனைட்டு மரபில் தவறிய சகோதரனுக்குச் சபை தரக்கூடிய இறுதித் தண்டனை சபை விலக்கம் ஒன்றே. ஒரே மனிதன் திருச்சபையில் சகோதரன், ஊர் அலுவலகத்தில் சவுக்கடி பெறும் குடிமகன் என்று இருநிலைப்பட்டான். அடிப்பவனும் சபை உறுப்பினனே. ஆயுதம் ஏந்தாமை என்னும் கோட்பாட்டை ரஷ்யப் படை சோதிப்பதற்கு முன்பே அவர்களின் சொந்த ஊர் நிருவாகம் சோதித்துவிட்டது.

கோர்னீஸ் ஓர்லோஃப் சபையைச் சேர்ந்தவர். பைபிள் சங்கத்தோடும் வெளிக் கல்வியோடும் உறவு பேணிய அச்சபையிலிருந்து 1824 அளவில் பெரும்பான்மையோர் பிரிந்து ‘பெரிய சபை’ எனப்பட்டனர். அதன் மூப்பர் யாக்கோப் வார்கென்டின், ஊர் நிருவாகம் சபையின் அறிவுரைக்குக் கட்டுப்பட வேண்டும் என்று நின்றார். மோதல் முற்றியபோது 1842இல் அரசுக் குழு அவரை மூப்பர் பொறுப்பிலிருந்து நீக்கியது. பெரிய சபையும் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. மறு ஆண்டே பள்ளிகள் வேளாண் சங்கத்தின் பொறுப்பில் வந்தன. 1847இல் மற்றொரு மூப்பரான ஹைன்ரிக் வீன்ஸ் நாடு கடத்தப்பட்டார்.

வார்கென்டினைப் பிற்போக்காளர் என்றும் கோர்னீஸை முன்னோடி என்றும் வகுத்துக் காண்பது எளிது. நான் அவ்வகுப்பை ஏற்கவில்லை. மூப்பர் எழுப்பிய வினா உழவு முறை பற்றியதன்று, ஒரு சகோதரன் மற்றொருவனை அரசின் கையால் அடிக்கலாமா என்பது. கோர்னீஸுக்கும் ஒரு நியாயம் உண்டு: உரிமைச் சாசனம் ‘முன்மாதிரி உழவர்’ என்ற எதிர்பார்ப்போடு தரப்பட்டது, அதை நிறைவேற்றாவிடில் படைப்பணி விலக்கே பறிபோகலாம். நம்பிக்கையைக் காக்க நம்பிக்கைக்கு மாறான கருவியைக் கையாள நேர்ந்த அவலம் இது. இங்கு ஆவணச் சமநிலையையும் கருத வேண்டும். 1990இல் ஒதெசா ஆவணக்காப்பகத்தில் மீண்டும் கண்டறியப்பட்ட மொலோச்னா ஆவணத் தொகுதியில் கோர்னீஸின் கடிதங்களும் அலுவலகப் பதிவுகளும் ஏராளம். தண்டனை பெற்ற உழவனின் குரல் அவற்றில், தண்டித்தவரின் எழுத்து வழியாகவே பெரிதும் கேட்கிறது.

நிலமற்றோர்

கோர்னீஸ் 1848 மார்ச்சில் மறைந்தார். அவர் மருமகன் ஃபிலிப் வீபெ சங்கத்தின் பொறுப்பேற்றார். பங்கிட முடியாத 65 தெசியத்தீனா விதியால் தலைமுறைதோறும் நிலமற்ற குடும்பங்கள் பெருகின. 1860களில் மொலோச்னாவில் அவையே பெரும்பான்மை. ஊர் மன்றத்தில் வாக்குரிமை நிலமுடையோர்க்கே இருந்தமையால், நிலமற்றோர் தம் முறையீட்டைச் சபை மூப்பர்களிடம் மட்டும் வைத்துப் பயன் காணாமல் அரசு அதிகாரிகளிடம் கொண்டுசென்றனர். அதே பத்தாண்டின் தொடக்கத்தில், 1860இல், ‘மெனோனைட்டுச் சகோதரர்’ என்ற தனிச் சபையும் அங்குப் பிரிந்து எழுந்தது. தெலுங்கு நாட்டின் நல்கொண்டாவுக்கு ஆபிரகாம் ஃப்ரீசன் அருட்பணியாளராக வந்தது அச்சபையிலிருந்தே.