பாணாவும் தூரிகையும்

நர்மதை பிறக்கும் மைக்கல் மலைத்தொடரை அடுத்த காடுகளில் வாழும் கோண்டு மக்கள், தங்கள் பெருந்தெய்வமாகிய படாதேவுக்குக் கோபுரம் எழுப்பியவர்களல்லர். சாஜா என்று அவர்களும் கருமருது என்று நாமும் வழங்கும் மரமே அத்தெய்வத்தின் வாசஸ்தலம். முதலையின் முதுகைப்போல் வெடித்துக் கறுத்த பட்டையையுடைய அம்மரத்தின் அடியில் நின்று தெய்வத்தை எழுப்பும் உரிமை, பாணா என்னும் மூன்று நரம்புகளையுடைய வில்வாத்தியத்தை இசைக்கும் பரதான் குலத்துப் பாடகர்களுக்கே இருந்தது. கோண்டுச் சகோதரர்கள் எழுவர் உரிய மரியாதை செய்யத் தவறியதால் சினந்து மரத்துள் மறைந்துவிட்ட தெய்வத்தை, அவர்களுள் இளையவன் தானே செய்த பாணாவை இசைத்துச் சாந்தப்படுத்தினான் என்றும், அவன் வழியினரே பரதான்கள் என்றும் அவர்களுடைய புராணம் கூறுகிறது.

மூன்றாண்டுக்கு ஒருமுறை பரதான் தன் புரவலரின் இல்லம் சென்று, அவர் குலத்தின் வமிசாவளியையும், 1564-இல் மொகலாயப் படையை எதிர்த்து உயிர்நீத்த ராணி துர்காவதி போன்றோரின் வீரத்தையும் பாடி, தானியமும் துணியும் கால்நடையும் பரிசிலாகப் பெற்றுத் திரும்புவான். இதைப் படிக்கும் தமிழனுக்கு யாழைத் தோளில் சுமந்து வள்ளல்களின் வாயிலை நாடிச் சென்ற நம் பாணர்களின் நினைவு வராமலிராது. கோண்டி திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆயினும் பாணா, பாணர் என்னும் ஒலி ஒற்றுமை ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு உறவு கற்பிக்க நான் துணியேன். பாடுவோனும் கேட்போனும் ஒருவரையொருவர் தாங்கி நின்ற வாழ்க்கைமுறை இரண்டிடத்தும் ஒன்றாக இருந்ததே எனக்குப் போதும்.

அந்த வாழ்க்கைமுறை குலைந்தது. 1878-ஆம் ஆண்டு வனச் சட்டமும், பின்னர் 1927-ஆம் ஆண்டு வனச் சட்டமும் காட்டை அரசின் சொத்தாக்கின. வேட்டையும் காட்டெரிப்பு வேளாண்மையும் தடுக்கப்பட்டுப் புரவலனே வறியவனான பிறகு, பரிசில் எங்கிருந்து வரும்? பரதான்கள் மண்வெட்டியும் கூடையும் ஏந்திக் கூலிக்குச் சென்றனர். அக்குலத்தாரிடையே வாழ்ந்து பழகிய ஷாம்ராவ் ஹிவாலே 1946-இல் அவர்களைப்பற்றி ஒரு நூலே எழுதிவைத்தார்.

பாட்டு ஓய்ந்தாலும் சுவர் ஓயவில்லை. வெள்ளை மண்ணையும் மஞ்சள் மண்ணையும் செங்காவியையும் குழைத்து, திருநாள்தோறும் வீட்டுச் சுவரிலும் தரையிலும் பெண்கள் தீட்டும் டிக்னா என்னும் கோலம் எங்கும் உயிரோடிருந்தது. 1981-இல் போபாலில் பாரத் பவன் என்னும் கலாமண்டபம் உருவாகிக்கொண்டிருந்தபோது, அதன் காட்சிசாலைக்குப் பொறுப்பேற்றவரும், சிம்லாவில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தவருமான ஓவியர் ஜே. சுவாமிநாதன், பழங்குடியினரின் கலைகளைத் தேடி ஊரூராக இளங்கலைஞர்களை அனுப்பினார். பாட்டன்கர் என்னும் சிற்றூரில் அவர்கள் கண்டது ஒரு சுவரில் எழுதப்பட்டிருந்த அனுமன் உருவம். அதைத் தீட்டியவர் இருபது வயதும் நிரம்பாத பரதான் இளைஞர் ஜன்கர் சிங் ஷியாம்.

காகிதமும் வண்ணமும் கையில் கிடைத்த அந்த இளைஞர் செய்தது வியக்கத்தக்கது. கேட்டு வளர்ந்த தெய்வங்களை, அதுகாறும் கல்லாகவும் மரமாகவும் மட்டுமே வணங்கப்பட்டவற்றை, அவர் உருவமாக எழுதினார். மானின் கொம்பு கிளைத்து மரமாயிற்று. அம்மரத்தின் கிளைகளில் பறவைகள் வந்தமர்ந்தன. உடலுக்குள் வெறுமை விடாமல் புள்ளியும் பிறையும் சிறுகோடும் நிரம்பின. பச்சைகுத்தும் வழக்கத்தின் சாயல் அவற்றில் உண்டென்பர். இவற்றை அலங்காரமென்று கருதுவோர் பாதியே கண்டவராவர். நரம்பின்மீது வில் விடாது ஓடுவதுபோல, ஒரே அசைவைத் தளராது திரும்பத் திரும்பச் செய்து உருவத்துக்கு உயிரூட்டும் அந்தக் கையில் பாணா இசைத்த முன்னோரின் பயிற்சியே இருந்ததென்று நான் நம்புகிறேன். சுவரைவிட்டுத் தாளுக்கு வந்தது கலையின் வீழ்ச்சியென வருந்துவோரும் உளர். மெழுகும்போதெல்லாம் அழிந்துபோன சித்திரத்துக்கு நெடுவாழ்வு கிடைத்ததில் வருந்த என்ன இருக்கிறது?

1989-இல் பாரிஸில் நடந்த உலகக் கலைக்காட்சி ஒன்றில் அவருடைய ஓவியங்கள் இடம்பெற்றன. போபால் சட்டமன்ற மாளிகையிலும் அவர் தீட்டினார். போபாலில் அவரது வீடு, ஊரிலிருந்து வந்த உறவினர்களுக்குப் பட்டறையும் பள்ளியுமாயிற்று. 2001-இல், ஜப்பானிலுள்ள காட்சிசாலை ஒன்றில் ஓவியம் வரையச் சென்றிருந்தபோது, ஏறத்தாழ நாற்பது வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மரத்தைத் தெய்வமென்று பாடிய குலத்தின் பிள்ளை, அந்த மரம் நிற்கும் மண்ணிலிருந்து அவ்வளவு தொலைவில் முடிந்ததை எண்ணும்போது மனம் ஆறுவதில்லை. அவர் தோற்றுவித்த பாணி இன்று ‘ஜன்கர் கலம்’ என்ற பெயராலும் வழங்குகிறது.

அவருடைய பட்டறையில் பயின்றவர்களுள் ஒருவர், இரவுக் காவலராகவும் வேலைபார்த்த பஜ்ஜு ஷியாம். துர்காபாய், ராம் சிங் உர்வேதி ஆகியோருடன் சேர்ந்து அவர் வரைந்த மரங்களைச் சென்னையின் தாரா பதிப்பகம் 2006-இல் நூலாக வெளியிட்டது. பகலெல்லாம் நிழலும் உணவும் தந்து ஓயாது உழைக்கும் மரங்கள் இரவில்தான் தம் சொந்த வடிவத்தைக் காட்டும் என்பது கோண்டு மக்களின் நம்பிக்கையாதலால், அந்நூலின் தாள்கள் கருமையானவை. கையால் செய்த அத்தாள்களில் ஒவ்வொரு நிறமாகத் திரையச்சில் பதித்து, ஈரம் உலரும்வரை காத்திருந்து, அடுத்த நிறத்தைக் கையாலேயே ஏற்றினர். இருளிலிருந்து மரங்கள் அவ்வாறே ஒவ்வொன்றாகப் புறப்பட்டு வந்தன.